காதுக்குக் கதவில்லை

இசைக்குச் சாதி கிடையாது என்று ஒரு வாக்கியம் புழக்கத்தில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள் என்று கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதைச் சொல்வதில்லை. அங்கே அதற்குத் தேவையும் இல்லை. தப்பு அடித்து முடித்து வேர்வையோடு நிற்கிறவனிடம் வந்து சொல்கிறார்கள். ‘எங்க பாட்டு ஏன் மேடையில இல்ல?’ என்று கேட்கிற பையனிடம் சொல்கிறார்கள். நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். தொல்காப்பியர் கருப்பொருள் சொல்லும்போது யாழையும் பறையையும் ஒரே வரிசையில்தானே வைக்கிறார், பிறகு யாழ் எப்படிப் புனிதமாச்சு, பறை எப்படித் தீட்டாச்சு என்று. ‘தம்பி, இசைக்குச் சாதியெல்லாம் கிடையாது. அதையெல்லாம் இங்க கொண்டாராத’ என்று பதில் வந்தது. வாயை மூடு என்பதை இவ்வளவு அழகாகவும் சொல்ல முடிகிறது.

நான் எழுதுவது இசை ஆராய்ச்சி அல்ல. எனக்கு ராகம் பிரிக்கத் தெரியாது, தாளம் எண்ணத் தெரியாது. வெறும் ரசிகன். கே.பி. சுந்தராம்பாள் குரல் எந்த டீக்கடையில் கேட்டாலும் நின்றுவிடுவேன். 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ நான் பிறப்பதற்கு முந்தைய படம்; ஆனால் ஜானகி அதில் பாடிய பாட்டுகளை நான் முதலில் கேட்டது ரேடியோவில் இல்லை, நடவு முடிந்து சேற்றுக் காலோடு வரும் எங்கள் அத்தைமார் வாயில். ‘கரகாட்டக்காரன்’ (1989) மேளம் எங்கள் தெருவில் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் காலுக்கும் தெரியும். ‘அட்டகத்தி’யில் (2012) கானா பாலா பாடியபோது, சாவு வீட்டுப் பந்தலுக்குள் இருந்த குரல் தியேட்டருக்குள் வந்துவிட்டதே என்று சீட்டில் உட்கார முடியாமல் துள்ளினேன். பழசும் புதுசுமாக இப்படி நூறு பாட்டு சொல்வேன்.

அந்த நூறில் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தின் ‘போற்றிப் பாடடி பெண்ணே’. எழுதியவர் வாலி. மெட்டமைத்தவர் இளையராஜா. படம் சொல்வது அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்பதைத்தான் என்று அதை எடுத்தவர்கள் சொல்வார்கள். படத்தின் கடைசியில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தின் கடைசியை யாரும் கொழாயில் போடுவதில்லை. போடுவது இந்தப் பாட்டை.

எங்கள் பக்கம் அக்டோபர் கடைசியில் வண்டி கட்டிப் போவார்கள். வேன், டாட்டா சுமோ, டிராக்டர். முன்வண்டியில் மைக் செட். ஊரைத் தாண்டும்வரை வேகமாகப் போகிற வண்டி எங்கள் தெரு முக்கு வந்ததும் நடையாக ஊரும். சில வருசம் நின்றே விடும். இந்தப் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடும், திரும்பவும் ஓடும். தெருவில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வோம். சாத்தி என்ன செய்ய? கண்ணுக்கு இமை இருக்கிறது, வாய்க்கு உதடு இருக்கிறது, காதுக்கு ஒன்றும் இல்லையே.

அப்படி ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் தாத்தாவின் கையைப் பார்த்தேன். எனக்குப் பத்து, பதினோரு வயசு இருக்கும். அவர் வாலிபத்தில் தப்பு அடித்தவர், பிறகு விட்டவர். கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கட்டில் சட்டத்தில் வலது கை விரல் இரண்டும் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. வெளியே ஓடுகிற அதே பாட்டுக்கு. ஒரு இடம்கூடத் தவறாமல். வண்டி போன பிறகு, ‘தாத்தா, அந்தப் பாட்டு ஒனக்குப் பிடிக்குமா?’ என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பாட்டு நல்லாத்தான்டா இருக்கு. போடுறவன் எதுக்குப் போடுறான்னு பாரு’ என்றார்.

தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. ‘அடிமைப் புத்தி ரத்தத்துல ஊறிருக்கு தோழர், அதான் விரல் ஆடுது. அந்தப் பாட்டையே வெறுக்கணும்’ என்றார் ஒருவர். இன்னொருவர் சிறுபத்திரிகைக்காரர், கவிதை எழுதுபவர். கலையை அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்கணும், தாத்தாவின் விரல்தான் உண்மையான ரசிகன் என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. முதலாமவர் எங்கள் தாத்தாவின் கையை அவமானப்படுத்துகிறார். ஐம்பது வருசம் தோலோடு பழகிய கை அது. தாளம் வந்தால் அது பாட்டுக்கு எழுந்துகொள்ளும். கை செய்தது ரசனை. அதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. இரண்டாமவரோ சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தை விட்டுவிட்டு விரலை மட்டும் வெட்டி எடுத்துப் பாராட்டுகிறார். தாத்தாவிடம் இரண்டும் இருந்தன, முகமும் விரலும். ஒரே மனுசன்தான் இரண்டும்.

எனக்குத் தோன்றுவது இது. பாட்டைச் செய்வது, பாடுவது, ஒலிக்க விடுவது என மூன்று காரியம் இருக்கிறது. மூன்றையும் ஒரே தராசில் போடுகிறோம். மெட்டில் எங்கே குற்றம்? ஏழு சுரத்தில் எதற்குச் சாதி இருக்கிறது? அந்த அளவில் பேராசிரியர் சொன்னது சரி. வரியில் பெருமை இருக்கிறது. ஒரு சாதி தன்னை உயர்த்திப் பாடினால் இன்னொன்றைக் கீழே வைத்துவிட்டுத்தான் பாட முடியும், அதனால் வரி எழுதியவருக்குக் கணக்கு உண்டு. ஆனால் கேட்க விரும்பாதவன் வீட்டு வாசலில் நிறுத்தி, அவன் காதுக்குள் ஊற்றுகிறார்களே, அங்கேதான் பாட்டு அரிவாளாகிறது. அரிவாளுக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் பிடிக்கிற கையில் இருக்கிறது.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ஆட்களில் சிலர் முதலில் இளையராஜாவைத்தான் இழுக்கிறார்கள். ‘பண்ணைப்புரத்துல பொறந்த மனுசன் இதுக்கு மெட்டுப் போடலாமா?’ கேட்கலாம், தப்பில்லை. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் என்பதால் கேட்கவும் தோன்றும். ஆனால் படம் எழுதித் தயாரித்த கமல்ஹாசனிடம் கேட்டோமா? பாட்டு எழுதிய வாலியிடம் அவர் இருந்தவரை கேட்டோமா? அவர்களுக்குக் கலை, இவருக்கு மட்டும் கடமையா? மற்றவன் தப்புச் செய்தால் அது அவனோடு போய்விடும்; நம்மவன் செய்தால் அவன் பிறந்த தெரு முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். சாதி கணக்குப் பார்க்கிற முறையே இதுதான். அதை நாமும் ஏன் கைக்கொள்ள வேண்டும்? அவர் பங்கு அவருக்கு, அதற்கு மேல் ஒரு காலணா கூடாது. தன்னைச் சாதி அடையாளத்தோடு பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. அந்த விருப்பம் அவருடைய உரிமை. 2022இல் மோடியையும் அம்பேத்கரையும் ஒப்பிட்டு ஒரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதினாரே, அதை நான் கடுமையாக எதிர்த்தேன். அந்த வாரமும் ராத்திரி அவர் பாட்டைத்தான் கேட்டேன். இதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

வாசலில் வந்து கேட்க வைக்கிற இந்தக் கொடுமைக்கு மைக் செட் காலத்து வயசுதான். கேட்க விடாமல் வெளியே நிறுத்துகிற கொடுமை ரொம்பப் பழசு. அதற்கு நம்மிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார்: நந்தன்.

‘நந்தனார் சரித்திரம்’ எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டுக்காரர். அதில் வருகிற ‘வருகலாமோ’வை மாஞ்சி ராகம் என்பார்கள். உள்ளே வரலாமா என்று கேட்கிற பாட்டு. சபாவில் இதைப் பாடினால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கும் கண் கலங்கும். கலங்கிய பிறகு கோபம் வரும். கெஞ்சுவதை இவ்வளவு இனிப்பாக்கி வைத்திருக்கிறார்களே! கேட்கிறவன் அழுதுவிட்டால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. கதவு அப்படியேதான் இருக்கும். நந்தனைப் படுத்துகிற அந்த வேதியர் பண்ணையார் பெரியபுராணத்தில் கிடையாது, பாரதி சேர்த்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது சேக்கிழார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு செய்தி. ஆதனூர்ப் புலைப்பாடியில் இருந்த நந்தன் கோயில்களுக்கு என்ன கொடுத்துவந்தார்? பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் வாரும். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு. பக்தி, சோதி, தீ எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் இசைக்கருவிக்குச் சரக்குக் கொடுத்த மனுசன். உள்ளே ஒலித்த ஒவ்வொரு சத்தத்திலும் அவர் உரித்துப் பதப்படுத்திய தோல் இருந்தது. அவர் நின்றது வெளியே. திருப்புன்கூரில் நந்தி கொஞ்சம் விலகியது என்கிறார்கள். விலகியது நந்திதான். சட்டம் விலகவில்லை.

இது புராணம் என்று தள்ள முடியாது. மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்து வருகிறவர்களில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் முக்கியமானவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய ‘செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்’ 2020இல் வந்தது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்ப எடுத்துக்கொண்டது, விழாவை வேறு இடத்தில் நடத்தினார்கள். மிருதங்கம் மேடைக்கு வரலாம், அது எந்த மாட்டின் தோல், யார் உரித்தது என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது. மடியில் வைத்து வாசிக்கிற வித்வானுக்குத் தோல் தீட்டில்லை, தோலைத் தொட்ட கை மட்டும் தீட்டு. நம்ம ஊர்த் தர்க்கம் இது. இதற்கு எந்தத் தத்துவ ஆசிரியரிடமும் பதில் கிடைக்காது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்துக்குள் போன இளையராஜாவை வெளியே நிற்கச் சொன்னார்கள் என்று செய்தி பரவியது. அர்ச்சகர்கள் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்றது கோயில் தரப்பு. நான் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் அல்ல, நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள் என்றார் அவர். அவர் சொல்லை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்றைக்கு, ‘இப்படியெல்லாம் நடக்குமா?’ என்று எங்கள் தெருவில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முக்கியம்.

கேட்க வைப்பது, கேட்க விடாதது. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அடிக்க வைப்பது. தாத்தா தப்பை விட்ட கதையை அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரில் ஒரு பெரிய சாவு. ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் சின்ன அத்தைக்குக் கடும் காய்ச்சல், டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். தாத்தா வரமாட்டேன் என்றுவிட்டார். அத்தை பிழைத்துக்கொண்டாள். அந்த வருசம் களத்து வேலை, வரப்பு வேலை எதற்கும் எங்கள் வீட்டை யாரும் கூப்பிடவில்லை. தாத்தா தப்பைக் கொண்டுபோய்ப் பரண் மேல் போட்டவர் இறக்கவே இல்லை. அப்பத்தாவுக்கும் அப்படித்தான். நல்ல குரல். ஊர்ச் சாவுக்கெல்லாம் மாரடிக்கக் கூட்டிப் போவார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து, ‘அப்பத்தா, ஒரு ஒப்பாரி பாடு’ என்றேன். ‘அது அங்க பாடுன பாட்டு. அவுக வீட்டு எழவுக்குப் பாடுனத நம்ம வீட்டுக்குள்ள பாடச் சொல்றியாக்கும்?’ என்று எழுந்து போய்விட்டாள். நாட்டார் வழக்காற்றியல் படித்த எனக்கு அது இழப்பு. அவளுக்கு அது விடுதலை. பாடாமல் இருக்க முடிந்ததே பெரிய காரியம்.

அதனால்தான் பறையை விடுவதா, எடுப்பதா என்று நம்மிடையே நடந்த பெரிய விவாதத்தில் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. இழிவு என்று தூக்கிப்போட்டவர்கள் தாத்தா வழி. கே.ஏ. குணசேகரன் மேடையேறி இன்குலாபின் ‘மனுசங்கடா’வைப் பாடினாரே, வெண்மணியில் 1968இல் 44 பேரை வைத்துக் கொளுத்தியதற்கான பதிலாக, அது எடுத்தவர்கள் வழி. இன்றைக்குப் பறையைக் கல்லூரிப் பெண்கள் தோளில் மாட்டுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம்தான். ஆனால் ஒரு கேள்வியை விடக் கூடாது: இன்றைக்கும் ஏதாவது ஊரில், வரமாட்டேன் என்று சொல்ல முடியாமல் ஒருத்தன் சாவுக்கு அடித்துக்கொண்டிருக்கிறானா? அவன் இருக்கிறவரை மேடைப் பறையின் சத்தத்தில் ஒரு பொய் இருக்கும். மறுக்க முடிகிறவன் அடித்தால்தான் அது இசை.

புதுப் பாட்டுக்கு வருகிறேன். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி நடந்தது. இடஒதுக்கீட்டைப் பாட்டில் விளக்க முடியும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் அறிவு தன் பாட்டியின் கதையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய கூலிகளின் கதையை வைத்தார். உலகம் ஆடியது. ஆடிய உலகம் பத்திரிகை அட்டைக்குப் போனபோது அட்டையில் அறிவு இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு இருந்தது, அவர் இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று ஒரு விளக்கம் வந்தது. இருக்கட்டும். நந்தனிலிருந்து இதுவரை நமக்கு விளக்கங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

நம் பாட்டை எல்லாரும் ரசிக்க ஆரம்பித்தால் மனசும் மாறும் என்று நம்புகிற தோழர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. எங்கள் பக்கத்து மினிபஸ்ஸில் ஏறிப் பாருங்கள். டிரைவர் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் பாட்டை மாற்றுவார். எந்த ஊருக்கு எந்தச் சாதிப் பாட்டு என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் நிறுத்தத்தில் மட்டும் முந்தின ஊர்ப் பாட்டே ஓடும். அதே பஸ்ஸில் கலர்க் கயிறு கட்டிய கையால் கம்பியைத் தட்டிக்கொண்டு கானா பாடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை கயிறு வரைக்கும் பேசியது. வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் செல்போனில் ஒரே பாட்டைக் கேட்டிருக்கக் கூடும். நல்ல காது நல்ல மனசுக்கு உத்தரவாதம் இல்லை. கானா பிடிக்கும், கானா பாடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் பிடிக்காது. சாதிக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

இந்த வருசம் ஏப்ரல் 14க்கு எங்கள் மாலைப்பள்ளிப் பிள்ளைகள் மைக் செட் சொன்னார்கள். என்னென்ன பாட்டு என்பதில் சண்டை. ஒரு பிள்ளை ‘இஞ்சி இடுப்பழகி’க்கு ஆடப் போகிறேன் என்றாள். ‘அது எந்தப் படம்னு தெரியுமா?’ என்று ஒருத்தன் எகிறினான். ‘தெரியும். நான் ஆடுறது ஜானகியம்மா கொரலுக்கு. படத்துக்கு இல்ல’ என்றாள். தேசிய விருது வாங்கிய குரல் என்று சேர்த்துச் சொல்லி அவளை நான் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை, அவளே வாதாடி ஜெயித்துவிட்டாள்.

அதைவிடப் பெரிய சண்டை கொழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் வந்தது. ‘ஊர்ப் பக்கம் திருப்புங்கண்ணே. இருவத்தஞ்சு வருசமா நாம கேட்டோம்ல? ஒரு நா அவங்க கேக்கட்டும்’ என்றான் மூத்த பையன். நான் காதுக்குக் கதவில்லை என்ற பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ‘அண்ணே, அவங்க போடுறது மெரட்டுறதுக்கு. நாம போடுறது நாங்களும் இருக்கோம்னு சொல்றதுக்கு. ரெண்டும் ஒண்ணா?’ என்று கேட்டான். ஒன்றில்லைதான். அதிகாரம் உள்ளவன் சத்தமும் இல்லாதவன் சத்தமும் ஒரே டெசிபெல்லில் இருந்தாலும் ஒன்றாகாது. ஆனால் ஊரின் முதல் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி கிடக்கிறாள், அவள் எந்த வண்டியிலும் ஏறிப் போனவள் இல்லை என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம். மூன்று கொழாய் நம் தெருவைப் பார்த்து, ஒன்று ஊரைப் பார்த்து, அதுவும் அந்தக் கிழவி வீட்டுக்கு நேராக இல்லாமல் கண்மாய்க் கரைப் பக்கம் சாய்த்து, பத்து மணிக்கு நிறுத்துவது என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். மூத்த பையன் கை தூக்கவில்லை.

எட்டரைக்கே போலீஸ் வந்தது. அக்டோபர் வண்டிகள் நிற்கும்போது ஒரு வருசமும் வராத ஜீப். அனுமதிக் கடிதம் கேட்டார்கள். இருந்தது, கொடுத்தோம். டார்ச் அடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க. சவுண்டக் கொறைங்க’ என்றார் வந்தவர். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ‘மாமன்னன்’ (2023) படத்தில் வடிவேலு பாடிய ‘ராசா கண்ணு’. ‘தேவர் மக’னில் இசக்கியாக வந்த அதே வடிவேலு. அந்தப் படம் தன்னை என்ன பாடு படுத்தியது என்று கமல்ஹாசனை எதிரே வைத்துக்கொண்டு இசை வெளியீட்டு மேடையில் மாரி செல்வராஜ் பேசினாரே, அந்தப் படத்துப் பாட்டு. மூத்த பையன் ஆம்பிளிபயர் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஜீப்பைப் பார்த்தபடியே, சத்தத்தை ஒரே ஒரு கோடு குறைத்தான்.